கூப்பிடாத மதியம்

எங்கள் மடத்தில் கூப்பிடாமல் யாரும் சாப்பிடுவதில்லை. உச்சி வேளையில் சோறு வடித்து, குழம்பு இறக்கி, இலை போட்ட பிறகு ஒருவர் வாசலைத் தாண்டிப் போய் மொட்டைப் பாறையில் ஏறி நின்று கூப்பிட வேண்டும். “பசிச்சவங்க யாரு இருக்கீங்க? சோறு இருக்கு, வாங்க.” நாலு திசைக்கும் கூப்பிட்டுவிட்டு, யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வருகிறவருக்கென்று ஓர் இலை எப்போதும் கூடுதலாக விரித்திருக்கும். மடத்தைக் கட்டிய சாமி வைத்துவிட்டுப் போன வழக்கம் இது.

எனக்கு அங்கே சமையல் வேலை. மடத்துச் சமையல்காரனைத் தவசிப்பிள்ளை என்பார்கள். பேரில்தான் தவம், மற்றபடி எனக்குப் பொறுமை கிடையாது. சோறு ஆறினால் கோபம் வந்துவிடும். ஆனாலும் அந்தக் குரலை மட்டும் நான் குறை சொல்லக் கூடாது. பிழைக்க வழியில்லாமல் இந்த மலைப்பாதையில் நடந்து வந்தவன் நான். பசியில் கண் இருட்டி உட்கார்ந்த இடத்தில் அதுதான் காதில் விழுந்தது. வந்து இலையில் உட்கார்ந்தேன், அப்புறம் இந்த மடத்தை விட்டுப் போகவே இல்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்குப் பிறகு அப்படி வந்தவர்கள் குறைவு. மலையின் மறுபக்கம் பஸ் ரோடு போட்டார்கள். ஜனங்கள் நடந்து வருவது நின்று போனது. பாதையைப் புதர் மூடியது. ஆனாலும் கூப்பிடுவது நிற்கவில்லை.

இப்போது மடத்துக்குப் பெரியவர் உண்ணாமுலை அம்மா. பெரியவர் என்றால் வயதில் அல்ல. நாற்பதைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. சில சமயம் கீரை ஆய்ந்து முடித்து, கையைக் கழுவிவிட்டுத்தான் வரும்.

அவரிடம் சிஷ்யராக வந்தவர் வைத்தியலிங்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க வெள்ளை. குருவை விட சிஷ்யருக்கு வயது அதிகம். அவர் “அம்மா” என்பார், அம்மா அவரை “ஐயா” என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் குரு என்று குழப்பம் வரும். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

வைத்தியலிங்கம் பார்த்த வேலை விசித்திரமானது. வடக்கே ஒரு பொட்டல்காட்டில் வரிசையாகப் பெரிய பெரிய ஆன்டெனாக்களை நட்டு வைத்திருக்கிறார்களாம். வானத்தில் வேறு எங்காவது நம்மைப் போல யோசிக்கிற உயிர் இருந்து, அது ஏதாவது சொன்னால், அந்தச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும். அதுதான் வேலை. சம்பளம் கொடுத்துச் சும்மா காது கொடுக்கச் சொல்கிறார்களா என்று நான் வாய் விட்டே கேட்டேன். அவர் சிரித்தார். ஆமாம், அதைத்தான் ஆயுசு முழுக்கச் செய்தேன் என்றார்.

அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவர் மனைவி சௌந்தரம் தினமும் ஒரே கேள்வி கேட்பாராம். இன்னைக்காவது யாராவது பேசினாங்களா? இவர் இல்லை என்பாராம். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண் திறந்தபோதும் அந்த அம்மாள் அதையேதான் கேட்டிருக்கிறார். அப்போதும் இவரிடம் இல்லை என்கிற பதில்தான் இருந்தது.

அவர் மடத்துக்கு வந்து சேர்ந்த அன்றே, பாறையில் நின்று கூப்பிடுகிற வேலையை அம்மா அவருக்குக் கொடுத்தார். இத்தனை வருஷம் கேட்டீங்க, இனிமேல் கூப்பிடுங்க என்றார்.

முதலில் அவருக்குக் கூச்சம். வகுப்பில் பேர் வாசிக்கிற மாதிரி கூப்பிட்டார். ஐயா, மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடணும், இப்படிக் கூப்பிட்டா பசிச்சவன்கூட வயிறு ரொம்பிடுச்சுன்னு போயிடுவான் என்று நான்தான் கேலி செய்து சரிப்படுத்தினேன். போகப் போகக் குரல் நன்றாகத் திறந்துகொண்டது. மழையானாலும் ஜுரமானாலும் ஒரு நாள் விடவில்லை.

யாரும் வரவில்லை. கூடுதல் இலைச் சோறு தினமும் காக்கைக்கும் நாய்க்கும் போனது.

ஒரு நாள் காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வைத்தியலிங்கம் வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் சரியில்லை. ஐதராபாத்தில் இருக்கும் மகள் வந்துவிடச் சொல்கிறாள், போகலாம் என்று நினைக்கிறேன், ஆனால் போவதற்கு முன்னால் ஒரு பதில் வேண்டும் என்றார்.

“வானத்துல வேற யாராவது இருக்காங்களாம்மா? நாம மட்டும்தானா?”

அம்மா கீரையிலிருந்து ஒரு புழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். உங்க கணக்கு என்ன சொல்லுது என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கணக்கைச் சொன்னார். வானத்தில் நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் எத்தனைக்குப் பூமி மாதிரி கிரகம் இருக்கிறது, அதில் எத்தனையில் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் நின்ற இடத்தில் எத்தனையில் உயிர் முளைத்தது, முளைத்த உயிரில் எது யோசிக்கக் கற்றது, யோசித்ததில் எது பேச ஆசைப்பட்டது, பேசியது இன்னும் அழியாமல் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைப் போட்டு எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு எண்கள் ஓரளவு தெரியும். மற்றதெல்லாம் குருட்டாம்போக்கு. மனசு நன்றாக இருக்கிற அன்று கணக்குப் போட்டால் வானமெல்லாம் ஜனம். மனசு கெட்ட அன்று போட்டால் நம்மைத் தவிர ஈ காக்கை இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், உங்க விஷயத்தில் பானையையே யாரும் பார்க்கவில்லை, கையில் ஒரு சோறு மட்டும் இருக்கிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதேதான் என்றார். நம்மைத் தவிர வேறு உதாரணமே இல்லாமல் எப்படிப் பதம் பார்ப்பது என்றார்.

அப்புறம் அவர் குரல் இறங்கியது. “யாருமே இல்லேன்னா, நான் ஆயுசு பூரா வெறும் வெட்டவெளிக்குக் காது கொடுத்திருக்கேன். சௌந்தரத்தையும் காக்க வச்சிருக்கேன். என் பொழப்பு வீண்தானேம்மா?”

அம்மா கீரையைத் தண்ணீரில் அலசினார்.

வைத்தியலிங்கத்துக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று ஆரம்பித்தார். பாறையில் நின்று கூப்பிடுகிறேனே, அதுவும் அப்படித்தான். கிழக்கே பாதை புதர் மூடிவிட்டது. வடக்கே ரோடு, ஆனால் அங்கே குரல் எட்டாது. ஊர் இருப்பது மேற்கே, அதுவும் வெகு தூரம். தெற்கே செங்குத்தான பாறைச் சரிவு, மனுஷன் நிற்கவே முடியாது, அங்கே எண் பூஜ்யம். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு ஆள்கூடத் தேறவில்லை. காற்றுக்குச் சோறு போடுகிறோம் என்றார்.

இத்தனை பேசியதும் தனக்கே பயம் வந்த மாதிரி நிறுத்திவிட்டார். மடத்து வழக்கத்தைப் பழித்துவிட்டோமே என்று நினைத்திருப்பார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் காற்றில் வந்த சோற்றைச் சாப்பிட்டவன் நான்.

அம்மா கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். “கணக்கு அப்படிச் சொல்லுதுன்னா சரி ஐயா. இன்னைக்குக் கூப்பிட வேண்டாம்” என்றார்.

நிஜமாகச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மதியம் வந்தது. நான் பழக்கத்தில் கூடுதலான அந்த ஐந்தாவது இலையையும் விரித்துவிட்டு எடுக்கப் போனேன். கூப்பிடத்தான் வேண்டாம்னேன், இலையை ஏன் எடுக்கறீங்க என்றார் அம்மா. விட்டுவிட்டேன். அம்மா, வைத்தியலிங்கம், நான், மாடு பார்க்கிற முனியப்பன், எல்லோரும் உட்கார்ந்தோம். வெகு நாளைக்குப் பிறகு சோறு ஆவி பறக்க இலையில் விழுந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதல் கவளத்தை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். சாமி கும்பிடாமல் கோயிலிலிருந்து திரும்பிய மாதிரி இருந்தது. வைத்தியலிங்கமும் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா மட்டும் எப்போதும் போலச் சாப்பிட்டு எழுந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் வைத்தியலிங்கம் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாயங்கால பஸ்ஸுக்குப் போவதாகச் சொல்லி அம்மாவின் காலில் விழுந்தார். அம்மா திருநீறு கொடுத்தார். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றார். இருந்து போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கேலி செய்தாலும் அந்த மனுஷரை எனக்குப் பிடிக்கும்.

அவர் செருப்பைப் போடும்போது நாய் குரைத்தது. வாசல் பக்கம் பார்த்து அல்ல. தெற்கே, மனுஷன் நிற்க முடியாது என்றாரே, அந்தச் சரிவைப் பார்த்து.

பாறை விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது. அப்புறம் தலை. ஒரு பெண்பிள்ளை புல்லைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். ஐம்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். முழங்கையெல்லாம் முள் கிழித்த ரத்தம். கையில் ஆடு ஓட்டுகிற கோல். நாங்கள் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அவள் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். “ஏனுங்க, கூப்பிடற ஐயாவுக்கு என்னாச்சுங்க? உசுரோட இருக்கறாருங்களா?”

அம்மா வைத்தியலிங்கத்தைக் கைகாட்டி, இவர்தான் என்றார். அந்தப் பெண்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, நல்லா இருங்க சாமி, நல்லா இருங்க என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பேர் பூவாயி. சரிவுக்குக் கீழே பாறை இடுக்குகளில் வெள்ளாடு மேய்க்கிறாள். ஆட்டுக்குத் தழை கிடைக்கிற இடம் அதுதானாம். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பகல் முழுக்க அவளும் ஆடுகளும்தான். தினமும் மேலேயிருந்து குரல் வருமாம். குரல் வந்த பிறகுதான் கஞ்சி கொண்டுவருகிற தூக்குப்போசியைத் திறப்பாளாம். இன்றைக்கு வெயில் உச்சியைத் தாண்டியும் குரல் வரவில்லை. என்னமோ ஏதோ என்று பதறி, ஆட்டைப் பாறை நிழலில் மடக்கிவிட்டு ஏறி வந்திருக்கிறாள்.

வைத்தியலிங்கம் பையைக் கீழே வைத்தார். குரல் கேட்டும் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

பூவாயிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “பசிச்சவங்களைத்தானுங்க கூப்பிடறீங்க. எனக்குத்தான் கஞ்சி இருக்குதே. அடுத்தவங்க சோத்துக்கு நான் எதுக்குங்க வாரது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வைத்தியலிங்கத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதில் குரலாவது கொடுத்திருக்கலாமே என்றார் அவர். கொடுத்திருக்கிறேனே என்றாள் அவள். கீழேயிருந்து கத்தினால் மேலே ஏறாது, பாறை முழுங்கிவிடும் என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

“ஆவணியில ஒரு நா, நீங்க அழுதுக்கிட்டே கூப்பிட்டீங்க. தொண்டை கட்டினதுன்னு நெனச்சேன், அப்புறம் அழுகைன்னு தெரிஞ்சுது. அழாதீங்க சாமி, அழாதீங்கன்னு அன்னிக்கு ரொம்ப நேரம் கத்தினனுங்க. உங்களுக்குக் கேட்டிருக்காது.”

ஆவணியில் சௌந்தரம் அம்மாளின் திதி வந்தது. அன்று அவர் அழுதது மடத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியாது.

“கேக்கலம்மா” என்றார் வைத்தியலிங்கம். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து கையைக் கூப்பினார். கண்ணில் நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி நன்றி, நன்றி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷர் இப்படிக் கும்பிடுகிறாரே என்று பூவாயி கூசிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

நான்தாங்க கும்பிடணும் என்றாள். வீட்டுக்காரர் போன பிறகு, சாப்பிட்டியா என்று தன்னைக் கேட்க ஒரு ஆள் இல்லை. தினமும் மேலேயிருந்து யாரோ முகம் தெரியாதவர் கேட்கிறார். அதைக் கேட்ட பிறகு குடிக்கிற கஞ்சி உடம்பில் ஒட்டுகிறது என்றாள். எனக்குப் புரிந்தது. நானும் அந்தக் குரலுக்குச் சாப்பிட்டவன்தானே.

அம்மா என்னைப் பார்த்தார். நான் போய், மூடி வைத்திருந்த சோற்றை அந்த ஐந்தாவது இலையில் போட்டு, குழம்பு ஊற்றி, அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஏறி வந்த களைப்புக்கு இரண்டு கவளமாவது சாப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவள் இலையைப் பார்த்தாள், உட்காரவில்லை. அவசரமாக எழுந்து சரிவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

நான் சாப்பிட்டா எப்படிங்க என்றாள். அவள் ஆடு மேய்க்கிற இடத்துக்கும் கீழே ஒரு கடலைக்காடு இருக்கிறது. அங்கே பெண்கள் களை வெட்டுகிறார்கள். மேலேயிருந்து வருகிற குரல் அதுவரை போகாது. அதனால் குரல் வந்ததும் பூவாயி தன் பங்குக்குக் கீழே பார்த்து, சாமி கூப்பிட்டாச்சு, கரையேறுங்கடி என்று குரல் கொடுப்பாள். அவள் குரலைக் கேட்டால்தான் காட்டுக்காரர் பெண்களைச் சாப்பிட விடுவார். அதற்கும் கீழே கிணறு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கடலைக்காட்டுப் பெண்கள் குரல் கொடுப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் யார் யார் கேட்கிறார்களோ, அது தனக்குத் தெரியாது என்றாள்.

“இன்னைக்கு நான் பதட்டத்துல அவங்களுக்குச் சொல்லாம ஏறி வந்துட்டனுங்க. மேல குரல் வராம நானா இறங்கிப் போய் எப்படிங்க சொல்றது?”

வைத்தியலிங்கம் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று கீழே பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த மடத்தில் இருந்தும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பாறைகளுக்கு இடையில் வெள்ளையும் கறுப்புமாக ஆடுகள் தெரிந்தன. அதற்கும் கீழே வெகு ஆழத்தில் ஒரு பச்சைத் துண்டு நிலம். அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தன. அவை சேலைகள் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் அங்கேயே நின்றார். கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். பட்டப்பகல், அங்கே ஒன்றும் தெரியவில்லை. பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

“அப்படின்னா அங்கயும் யாராவது இருக்காங்களாம்மா?”

அம்மா விளிம்புக்கு வந்து கீழே நகர்கிற அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். அவரும் அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

“எனக்குத் தெரியாது ஐயா. காலையில பூவாயி இருக்கறதே எனக்குத் தெரியாது. கீழ இன்னும் யாரும் சாப்பிடல, போய்க் கூப்பிடுங்க.”